ழ தெரிந்தால் வெந்நீர் கிடைக்கும்

உலகத்திலேயே பெரிய அவமானம் எது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வீர்கள். கடன் கொடுத்தவன் பஸ் ஸ்டாண்டில் வைத்துக் கத்துவது, மாமனார் முன்னால் வேட்டி அவிழ்வது, இத்யாதி. என் கணக்கில் இதுதான்: எம்.ஏ. ஆங்கில இலக்கியம், பி.எட்., ஒன்பது வருட சர்வீஸ் எல்லாம் இருந்தும், கக்கூஸ் கதவில் எழுதியிருப்பது 'ஆண்கள்' என்பதா 'பெண்கள்' என்பதா என்று தெரியாமல் கால் மாற்றி மாற்றி நிற்பது. அதுவும் ரொம்ப அவசரத்தில்.

2018 ஆகஸ்ட் கடைசியில் எனக்கு இது நேர்ந்தது. இடம், சீனாவில் ஷியான் நகரம். கோலாலம்பூர் வழியாகப் போய் இறங்கியிருந்தேன். அங்கே ஒரு கல்லூரியில் முதல் வருட மாணவர்களுக்கு ஆங்கிலம் பேசக் கற்றுக் கொடுக்கிற வேலை. 'ஊரெல்லாம் ஐ.டி.க்குப் போறான், இவன் சீனாக்காரனுக்கு ஏபிசிடி சொல்லிக் குடுக்கப் போறான்' என்று சித்தப்பா வழியனுப்பி வைத்தார். கக்கூஸ் வாசலில் என்ன செய்தேன் என்கிறீர்களா? யாராவது வெளியே வரட்டும் என்று காத்திருந்தேன். வந்தவர் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார், தொளதொள பேன்ட் போட்டிருந்தார். ஆணா பெண்ணா என்று அப்போதும் தெரியவில்லை!

படிக்கத் தெரியாதவனின் வாழ்க்கை அன்று ஆரம்பித்தது.

* * *

ஷியான் நமக்கு முன்பின் தெரியாத ஊர் இல்லை. ஏழாம் வகுப்பு சரித்திரப் புத்தகத்தில் முதுகில் மூட்டையோடு நிற்பாரே யுவான் சுவாங், அவருடைய ஊர். அப்போது அதற்குச் சாங்கான் என்று பெயர். காஞ்சிபுரம் வரை வந்து பல்லவர் தலைநகரத்தைப் பார்த்துவிட்டு, 657 நூல்களைக் கட்டிக்கொண்டு 645-ல் ஊர் திரும்பினார். அந்தச் சுவடிகளை வைக்க 652-ல் கட்டிய கோபுரம் இன்னும் கம்பீரமாக நிற்கிறது. வாசலில் அவர் சிலை. முதல் ஞாயிற்றுக்கிழமை போய், 'காஞ்சிபுரத்துப் பக்கத்திலேர்ந்துதான் வரேன் சார்' என்று மனசுக்குள் ஆஜர் கொடுத்தேன்.

ஒரு விஷயம். அந்த மகான், நாட்டை விட்டு வெளியே போகத் தடை இருந்த காலத்தில், அனுமதி வாங்காமல்தான் எல்லை தாண்டினார். திரும்பி வந்தபோது சக்ரவர்த்தி மன்னித்துவிட்டார். உங்களை மன்னிக்க மாட்டார்கள். 'முதல்ல பிசினஸ் விசால போங்க தம்பி, அங்கே போய் மாத்திக்கலாம்' என்று ஏஜென்ட் சொன்னால், செருப்பை மாட்டிக்கொண்டு நேராக வீட்டுக்கு நடந்துவிடுங்கள். வேலைக்கு 'இசட்' விசா, அப்புறம் வேலை அனுமதி, அப்புறம் தங்கும் அனுமதி. மூன்றில் ஒன்று இல்லாமல் வேலை பார்த்து மாட்டினால் அவர்கள் சட்டப்படி 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். குற்றம் பெரிசென்றால் 5 நாளிலிருந்து 15 நாள் வரை உள்ளே. அப்புறம் விமானத்தில் ஏற்றி வணக்கம்.

'ஆங்கிலம் உன் தாய்மொழி இல்லையே, உனக்கு எப்படி வேலை தந்தார்கள்?' நியாயமான கேள்வி. மொழி ஆசிரியர் கொள்கையளவில் தன் தாய்மொழியைத்தான் நடத்த வேண்டும், பட்டமும் இரண்டு வருட அனுபவமும் வேண்டும் என்பது விதி. அந்தக் 'கொள்கையளவில்' என்ற வார்த்தையின் இடுக்கில் ஒருக்களித்து நுழைந்தவன் நான். பி.எட். கையைத் தூக்கிவிட்டது. எல்லோருக்கும் அந்த இடுக்கு திறக்காது.

* * *

இறங்கிய மறுநாளே போலீஸ் ஸ்டேஷன். பதறாதீர்கள். ஹோட்டலில் தங்காத வெளிநாட்டுக்காரன் 24 மணி நேரத்துக்குள் போய்ப் பதிவு செய்ய வேண்டும். இதை அம்மாவிடம் போனில் சொன்னது தப்பாகப் போயிற்று. 'போன அன்னிக்கே ஸ்டேஷனா? என்னடா பண்ணித் தொலைச்சே?'

அடுத்து ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஈ.சி.ஜி. அதற்கும் அடுத்துத் தங்கும் அனுமதி. அதற்காக பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு ரசீது தருவார்கள். பாங்க் கணக்கு திறக்க பாஸ்போர்ட் வேண்டும், அது போலீஸிடம். சம்பளம் வர பாங்க் கணக்கு வேண்டும். கைப்பணம் கரைந்துகொண்டிருந்தது. மூன்று வாரம் நான் நூடுல்ஸும் வாழைப்பழமுமாக வாழ்ந்தேன்.

பாஸ்போர்ட் வந்ததும் பாங்க்குக்கு ஓடினேன். அங்கே என் பெயர் குறுக்கே படுத்துக்கொண்டது.

நம் பெயர் விவகாரம் தெரியும் அல்லவா? அப்பா முன்னால் இனிஷியலாக நிற்பார், நாம் பின்னால். சீனாவிலும் குடும்பப் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். நமக்கும் அவர்களுக்கும் பிரச்னையே இல்லை! நடுவில் ஓர் ஆங்கிலப் படிவம் வந்து இரண்டு பேரையும் குழப்பியது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் 'சர்நேம்' என்ற கட்டத்தில். பாங்க்கில் என்னை முன்னால் போட்டு அப்பாவைப் பின்னால் தள்ளிவிட்டார்கள். போன் கம்பெனியில் அப்பா முன்னால். பணம் செலுத்தும் வீசாட் செயலி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, 'இந்த இரண்டு பேரும் வேறு வேறு ஆட்கள்' என்று தீர்ப்பு எழுதிவிட்டது.

அது இல்லாவிட்டால் அந்த ஊரில் பிச்சை கூடப் போட முடியாது. காய்கறி விற்கிற பாட்டி கழுத்தில் லாமினேட் செய்த கறுப்பு வெள்ளைக் கட்டம் தொங்கும். போனைக் காட்டினால் 'டிங்'. நான் நூறு யுவான் நோட்டை நீட்டினால் பாட்டி அதை வெயிலில் தூக்கிப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், மறுபடி நோட்டைப் பார்ப்பாள். சில்லறைக்காகப் பக்கத்துக் கடைக்கு ஓடுவாள். பாங்க்குக்கு நாலு தடவை நடந்து, ஒரு புண்ணியவதி அப்பாவை மறுபடி முன்னால் கொண்டுவந்து உட்கார வைத்த பிறகுதான் எனக்கும் 'டிங்' கிடைத்தது.

இதில் ஒரு லாபம். அப்பா பெயரின் முதல் எழுத்து 'சு'. சீனாவில் 'சூ' என்று ஒரு குடும்பப் பெயர் நிஜமாகவே உண்டு. 'லாவ்ஷி' என்றால் வாத்தியார். நான் 'சூ லாவ்ஷி' ஆனேன். வீட்டில் அப்பா பெயரைச் சொன்னால் வாயில் அடிப்பார்கள். அங்கே தினமும் நாற்பது பேர் அதில் பாதியைக் கோரஸாகச் சொன்னார்கள்.

* * *

இனி மொழி. சீன மொழியில் ஒரே 'மா'வை நாலு ராகத்தில் சொன்னால் அம்மா, சணல், குதிரை, திட்டு என்று நாலு அர்த்தம். கொஞ்சம் சுருதி பிசகினால் பெற்ற தாயைக் குதிரையாக்கிவிடுவீர்கள்.

ஆனால் நமக்கு மட்டும் கடவுள் ஓர் உதவி செய்திருக்கிறார். வெள்ளைக்காரர்கள் நாக்கைச் சுளுக்கிக்கொள்ளும் ஓர் எழுத்து அங்கே உண்டு. நம் 'ழ'வுக்கு ஒன்றுவிட்ட சகோதரன். மனிதன் என்றால் 'ழென்'. சூடு என்றால் 'ழெ'. தண்ணீர் 'ஷ்வெய்'. ஆக, வெந்நீர் 'ழெ ஷ்வெய்'. கான்டீனில் முதல் தடவை கேட்டதும் அந்த அம்மாள் வாயெல்லாம் பல்லாக ஃபிளாஸ்க்கையே நீட்டினாள். 'வாளைப்பளம்' கோஷ்டியைச் சேர்ந்தவர்கள் சீனா போவதற்கு முன் கொஞ்சம் பயிற்சி எடுத்துக்கொள்ளவும். (கர்வம் ஒரு வாரம்தான். ஷியான் பக்கத்துக் கிழவர்கள் ஷ்வெய்யை 'ஃபெய்' என்பார்கள் என்று அப்புறம் தெரிந்தது. மெட்ராஸ் பாஷை எல்லா ஊரிலும் இருக்கிறது.)

வெந்நீர் அங்கே பானம் மட்டுமில்லை, வைத்தியம். ரயிலில், ஸ்டேஷனில், கல்லூரி வராந்தாவில், எங்கும் வெந்நீர்க் குழாய். தலைவலியா? 'துவோ ஹ ழெ ஷ்வெய்', அதாவது வெந்நீர் நிறையக் குடி. வயிற்று வலியா? அதே. காதல் தோல்வியா? அதேதான். எங்கள் ஊர்ப் பாட்டி அங்கே போய் டிப்ளமா கொடுத்துவிட்டு வந்தாளோ என்று சந்தேகம்.

ஆபீஸ் வாசகர்கள் அடுத்ததைப் பல்லைக் கடித்துக்கொண்டு படிக்கவும். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு. அப்புறம் இரண்டு மணி வரை தூக்கம். திருட்டுத்தனமாக இல்லை, உரிமையோடு! மாணவர்கள் மேஜையில் கவிழ்வார்கள். ஆபீஸில் விளக்கை அணைத்து, மடக்குக் கட்டிலைப் பிரித்துக்கொள்வார்கள். ஒரு மணிக்கு ஒரு கையெழுத்துக்காக டீன் அறைக்குள் போய், போர்வைக்குள்ளிருந்து நீண்ட ஒரு ஜோடி சாக்ஸுக்கு குட் ஆஃப்டர்நூன் சொல்லிவிட்டு வந்தவன் நான்.

* * *

வகுப்புக்கு வருகிறேன். அங்கே பையன்கள் ஆங்கில வகுப்புக்கென்று ஒரு பெயர் வைத்துக்கொள்வார்கள். என் வகுப்பில் ஆப்பிள் இருந்தாள், ரெயின் இருந்தாள், மண்டே என்று ஒரு பையன். கடைசி பெஞ்சில் செவன். ஏழு ராசியான எண்ணா என்று கேட்டேன். கூடைப்பந்து பனியன் நம்பராம்.

முதல் நாள் 'ஹவ் ஆர் யூ?' என்றேன். நாற்பது பேரும் ஒரே குரலில், 'ஐயாம் ஃபைன், தேங்க் யூ, அண்ட் யூ?' பாடப்புத்தகத்தில் இருப்பது அப்படியே. அன்று காலை ஆப்பிளுக்கு 101 டிகிரி ஜுரம். அவளும் ஃபைன்.

இவர்கள் மூன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் படிப்பவர்கள். கல்லூரி நுழைவுத் தேர்வில் 750 மார்க்குக்கு 150 ஆங்கிலம். இலக்கணத்தில் என்னையே மடக்குவார்கள். வாய் மட்டும் திறக்காது. இதற்கு அவர்களே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: 'ஊமை ஆங்கிலம்'.

அதனால் ஒரு சட்டம் போட்டேன். 'என் வகுப்பில் யாரும் ஃபைன் என்று சொல்லக் கூடாது. உண்மையைச் சொல்லவும். பசிக்கிறது, தூக்கம் வருகிறது, வீட்டு ஞாபகம் வருகிறது, எதுவானாலும் சரி.'

இரண்டாவது வாரம் செவனை எழுப்பினேன். எழுந்தான். காது சிவந்தது. 'ஐ ஸிங்க்...' என்று ஆரம்பித்தான். 'திங்க்' என்று சொல்ல நாக்கு ஒத்துழைக்கவில்லை. 'ஸிங்க்' என்றால் மூழ்குவது. எனக்கு ஜோக் அடிக்கும் வியாதி உண்டு. 'டோன்ட் ஸிங்க். ஸ்விம்!' என்றேன்.

வகுப்பே சிரித்தது. எனக்குப் பரம திருப்தி. செவன் உட்கார்ந்தான். அவ்வளவுதான். அதற்கப்புறம் ஆறு வாரம் அவன் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. எழுப்பினால் நிற்பான், மேஜையைப் பார்ப்பான். 'திமிர் பிடிச்சவன்' என்று மனசுக்குள் மார்க் போட்டு வைத்தேன்.

* * *

அக்டோபர் கடைசி. குளிர ஆரம்பித்துவிட்டது. நவம்பர் 15 தேதிக்குத்தான் ஊர் முழுக்க வெப்பக் குழாய்களைத் திறப்பார்கள். அதுவரை நடுங்க வேண்டியதுதான். ஒரு சாயங்காலம் சூடாகக் கொழுக்கட்டை சாப்பிடலாம் என்று தெருக்கோடிக் கடைக்குப் போனேன். காரசாரமாகப் பூரணம் வைத்துத் தண்ணீரில் வேகவைத்தது. அதற்குப் பெயர் 'ஷ்வெய்ஜியாவ்'. ஒரு கிண்ணம் என்ன விலை என்று கேட்க வேண்டும். ரூமிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன்.

கடைக்காரம்மாவுக்கு முப்பது வயசிருக்கும். கணீரென்று கேட்டேன்.

கடை ஒரு விநாடி அமைதியானது. அப்புறம் வெடித்தது. ஒருவர் வாயிலிருந்த சூப் மேஜையில் தெறித்தது. கடைக்காரம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். உள்ளேயிருந்து அவள் புருஷன் கையில் கத்தியோடு வந்தான். வெங்காயம் நறுக்குகிற கத்திதான், ஆனாலும் கத்தி.

விஷயம் இதுதான். ஷ்வெய்ஜியாவை ஆட்டி இழுத்துச் சொன்னால் கொழுக்கட்டை. வெட்டி வெட்டிச் சொன்னால் 'தூங்குவது'. 'வான்' என்ற உச்சரிப்புக்குக் கிண்ணம் என்றும் அர்த்தம், ராத்திரி என்றும் அர்த்தம். ஆக, நான் அந்தப் பெண்மணியிடம் கேட்டது, 'ஒரு ராத்திரி தூங்க என்ன விலை?'

புருஷனும் சிரித்துவிட்டான். தோளில் தட்டி, இரண்டு கொழுக்கட்டை அதிகமாக வேறு போட்டான். யாரும் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. எனக்கும் அது புரிந்தது. ஆனால் அதற்கப்புறம் நாலு நாள் நான் எந்தக் கடையிலும் வாய் திறக்கவில்லை. படத்தைக் காட்டினேன், விரலை நீட்டினேன், தலையாட்டினேன். வார்த்தை தொண்டை வரைக்கும் வரும், காது சூடாகும், திரும்பிப் போய்விடும்.

நாலாவது நாள் ராத்திரி, படுக்கையில், செவனின் சிவந்த காது ஞாபகம் வந்தது.

கூடவே இன்னொன்றும். நான் தமிழ் மீடியம். காலேஜில் முதல் வருடம் 'வேஜ்' என்பதை 'வாகே' என்று படித்து, பேராசிரியர் கொல்லென்று சிரித்து, இரண்டு செமஸ்டர் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தவன். அதை எப்போது மறந்தேன் என்று தெரியவில்லை. சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகாக இருக்கலாம்.

மறுநாள் வகுப்பில் பாடம் எடுக்கவில்லை. கொழுக்கட்டைக் கடையில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். வகுப்பு உருண்டது. சிரித்து முடித்ததும் சொன்னேன்: 'இன்று முதல் கடைசிப் பத்து நிமிஷம் நான் மாணவன். எனக்குச் சீனம் சொல்லித் தர வேண்டும். ஆனால் ஆங்கிலத்தில்தான் விளக்க வேண்டும். யார் வாத்தியார்?' கடைசி பெஞ்சைப் பார்த்தேன். 'செவன், ப்ளீஸ். அன்றைக்கு நான் சொன்னது ஜோக் இல்லை. தப்பு.'

ரொம்ப நேரம் மேஜையையே பார்த்தான். அப்புறம் வந்தான். சாக்பீஸ் எடுத்து நாலு கோடு போட்டான், படுத்தது, ஏறுவது, குழிந்து எழுவது, விழுவது. 'டீச்சர்' என்றான், 'யுவர் தேர்ட் டோன் ஈஸ் டெட்.' என் மூன்றாவது ராகம் செத்துவிட்டதாம். கொழுக்கட்டையை இருபது தடவை சொல்ல வைத்தான். ஈவிரக்கமில்லாத வாத்தியார்.

அவன் ஆங்கிலம் அந்த வருடத்துக்குள் பிரமாதமாகிவிட்டது என்று எழுத ஆசைதான். இல்லை. 'திங்க்' கடைசி வரை 'ஸிங்க்'தான். ஆனால் பேசினான். கோதுமை விளைகிற கிராமம், அப்பா ஊரூராகப் போய்க் கட்டட வேலை பார்ப்பவர், வருடத்துக்கு ஒரு தடவை வசந்த விழாவுக்குத்தான் வீடு வருவார் என்பதெல்லாம் அவன் ஆங்கிலத்தில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நானும் ஜூனுக்குள் கொழுக்கட்டையைக் கொழுக்கட்டையாகவே வாங்கப் பழகினேன். கடைக்காரம்மா ஒவ்வொரு தடவையும் கை தட்டுவாள்.

* * *

2019 ஜூலையில் திரும்பிவிட்டேன். அதற்கப்புறம் உலகமே மாறிவிட்டது. 2021 ஜூலையில் சீன அரசு பள்ளிப் பாடங்களுக்கான தனியார் ட்யூஷன் வியாபாரத்தை முடக்கியது. வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு இணையம் வழியாக அங்கத்திய பிள்ளைகளுக்கு நடத்துவதும் தடை. 'வீட்டிலிருந்தபடியே சீனக் குழந்தைகளுக்கு ஆங்கிலம்' என்று இன்னும் யாராவது பணம் கேட்டால் உஷார்.

ஊர் வந்த பிறகும் செவன் வீசாட்டில் குரல் பதிவு அனுப்பிக்கொண்டிருந்தான். நான் சீனத்தில் பதில் சொல்ல வேண்டும், அவன் திருத்துவான். 2020 ஜூன் 29-ல் இந்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது. அதில் வீசாட்டும் ஒன்று. எல்லையில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். அரசாங்கங்களுக்கு அவர்கள் நியாயம் இருக்கும். என் போனில் நாற்பது பேர் ஒரே நாளில் ஊமையானார்கள்.

2021 மே. இரண்டாவது அலை. எனக்கும் வந்தது. அப்பா ஆஸ்பத்திரியில், நான் மாடி அறையில் தனியாக. விரலில் மாட்டிய கருவி 92 காட்டுகிறது, 91 காட்டுகிறது. போன் செய்த அத்தனை பேரிடமும் 'நல்லா இருக்கேன், ஒண்ணும் இல்லை' என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு ராத்திரி ஈ-மெயில். முதல் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்த முகவரியை மூன்று வருடம் வைத்திருந்திருக்கிறான்.

'சூ லாவ்ஷி, டி.வி.யில் உங்கள் நாட்டைப் பார்த்தேன். ஹவ் ஆர் யூ? ஐயாம் ஃபைன் தேங்க் யூ என்று எழுதக் கூடாது. அது உங்கள் சட்டம்.'

அரை மணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் முதல் தடவையாக ஒருவரிடம் உண்மையைச் சொன்னேன். 'மூச்சு வாங்குகிறது. அப்பாவை நினைத்தால் பயமாக இருக்கிறது.'

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. ஒரே வரி, நான் தப்பாகப் படித்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு சொல்லின் தலையிலும் ராகக் குறி போட்டு:

'துவோ ஹ ழெ ஷ்வெய்.'

எழுந்து போய் வெந்நீர் வைத்தேன்.